பதினேழு நிமிடங்கள்



தேர்தல் காலத்தில் வானொலியிலும் தூர்தர்ஷனிலும் வரும் ஒரு நிகழ்ச்சியைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். இன்ன கட்சியின் சார்பில் இன்னார் உரையாற்றுகிறார் என்றோர் அறிவிப்பு. அதனைத் தொடர்ந்து, எழுதி வைத்ததைப் படிக்கும் ஒரு குரல். ஏற்ற இறக்கம் கிடையாது, கைதட்டல் கிடையாது. திருக்கோவிலூர்க் கடைத்தெருவில் புதுவை வானொலியைக் கேட்டுக்கொண்டே கணக்கெழுதும் பெரியவர்கள்கூட அந்நேரத்தில் ஒலியைக் குறைத்துவிடுவதுண்டு. வீடுகளிலோ அதுவே சாப்பாட்டு நேரமாகிவிடும்.

சலிப்பூட்டும் அந்த உரைகளைப் பற்றியே இம்மாதம் தங்களோடு பேச விழைகிறேன். எதிரெதிர்க் கட்சிகள் அனைத்திற்கும் அளந்து நேரம் கொடுத்தாக வேண்டும் என்னும் விதி நம் நாட்டு ஒலிபரப்பில் உண்மையாகவே செயற்படும் இடம், அறிந்தவரையில், அஃது ஒன்றே.

வானொலியில் கட்சிகளுக்கு இவ்வாறு இலவச நேரம் வழங்கும் வழக்கம் 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் தொடங்கியது. நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலி முழுவதும் ஆட்சியாளரின் குரலாகவே ஒலித்து ஓய்ந்திருந்த வேளை அது. பின்னர் 1998 ஜனவரி 16ஆம் நாள் தேர்தல் ஆணையம் இதற்கென ஒரு திட்டத்தை அறிவித்தது. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கட்சிக்கும் அடிப்படை நேரம் ஒரே அளவு. அதற்கு மேற்பட்ட நேரம், முந்தைய தேர்தலில் அக்கட்சி பெற்ற வாக்குகளைப் பொறுத்தது. எந்த நாள், எந்த வேளை என்பதைக் கட்சிப் பிரதிநிதிகள் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். 2021ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமன்றத் தேர்தலின்போது, தொற்றுநோயால் பொதுக்கூட்டங்கள் குறைந்தமையால், அடிப்படை நேரத்தை 90 நிமிடங்களாக இரட்டிப்பாக்கினர். ஆளுங்கட்சிக்கும் 90, எதிர்க்கட்சிக்கும் 90. அங்கீகாரம் பெறாத சிறு கட்சிக்கும் சுயேச்சைக்கும் ஒரு நிமிடமும் இல்லை என்பது இத்திட்டத்தின் குறை. ஆயினும், கையில் காசில்லாத கட்சியும் கோடிகளைக் கொட்டும் கட்சியும் ஒரே ஒலிவாங்கியின் முன் ஒரே அளவு நேரம் நிற்கும் காட்சியை வேறெங்குக் காண்போம்?

தனியார் தொலைக்காட்சிகளிலும் கட்சிகளுக்கு நியாயமான முறையில் நேரத்தைப் பகிர்ந்தளிக்கலாம் என்று 2003ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 39ஏ என்னும் பிரிவைச் சேர்த்தனர். நடைமுறையோ அரசு வானொலியோடும் தூர்தர்ஷனோடும் நின்றுவிட்டது.

சரி, தேர்தல் முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஐந்தாண்டுக் காலத்துக்கு என்ன விதி?

ஏட்டில் நல்ல விதி ஒன்று இருக்கிறது. 1990ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, ஏழாண்டுகள் உறங்கி, 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டம், வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் ஒரு கடமையை விதிக்கிறது. பொதுநலன் சார்ந்த எல்லாச் செய்திகளையும் தடையின்றியும் உண்மையாகவும் அறியும் குடிமக்களின் உரிமையைக் காக்க வேண்டும். மாறுபட்ட கருத்துகளையும் உள்ளடக்கி நடுநிலையோடு தகவல் தர வேண்டும். தனக்கென ஒரு கொள்கையைப் பரப்பலாகாது. பன்னிரண்டாம் பிரிவின் சாரம் இதுவே. படிக்கும்போது நெஞ்சம் குளிர்கிறது.

ஆனால், ஒலிப்பதிவுக் கூடத்தின் உள்ளே நெடுங்காலமாக ஆண்டுவருவது வேறொரு விதித்தொகுப்பு. 1967இல் பல மாநிலங்களில் காங்கிரஸ் அல்லாத அரசுகள் அமைந்தன. நம் மாநிலத்தில் அண்ணா முதல்வரானார். அக்காலத்தில் உருவானது வானொலி நெறிமுறை. நட்பு நாடுகளைக் குறை கூறலாகாது, மதங்களையோ சமூகங்களையோ தாக்கலாகாது, அவதூறும் ஆபாசமும் கூடா, வன்முறையைத் தூண்டலாகாது, நீதிமன்ற அவமதிப்பு கூடாது, குடியரசுத் தலைவர், ஆளுநர், நீதித்துறை ஆகியோரின் நேர்மைக்கு மாசு கற்பிக்கலாகாது, ஒரு கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கலாகாது, மத்திய, மாநில அரசுகளைப் பகைமையோடு விமர்சிக்கலாகாது, அரசியல் சட்டத்தை அவமதிக்கலாகாது. ஆக ஒன்பது. இவற்றுள் பல தேவையானவையே என்பதில் ஐயமில்லை. எனினும் சற்றே கூர்ந்து நோக்குங்கள். ஒன்பதும் பேசுகிறவரின் வாய்க்கு இடும் பூட்டு. மறுபக்கத்தைக் கேட்டறியும் உரிமையைக் கேட்போருக்குத் தரும் விதி இவற்றில் ஒன்றேனும் உண்டா?

பூட்டு ஆட்சியாளரின் கையில் இருக்கும்போது என்ன நிகழும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உள. போபால் நச்சுவாயுக் கொடுமை குறித்துத் தயாரான ஓர் ஆவணப்படம் தேசிய விருதான தங்கத் தாமரையைப் பெற்றது. விருது பெற்ற அப்படத்தை ஒளிபரப்பத் தூர்தர்ஷன் மறுத்தது. கூறிய காரணங்களுள் ஒன்று, படம் நடுநிலையாக இல்லை என்பது! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குடிமகனின் வரிப்பணத்தில் இயங்கும் நிறுவனம் தனக்குக் கசக்கும் கருத்தை இவ்வாறு தள்ளிவிட முடியாது என்று 1992இல் தீர்ப்பாகி, படம் ஒளிபரப்பாக வேண்டுமென உத்தரவாயிற்று. அதே தீர்ப்பில் அடங்கிய இன்னொரு வழக்கும் சுவையானது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தைக் குறைகூறி மனுபாய் ஷா என்பார் ஆய்வு ஒன்றை வெளியிட்டார். கழகம் அதற்கு மறுப்பெழுதித் தன் இதழில் வெளியிட்டுக்கொண்டது. அம்மறுப்புக்கு அவர் எழுதிய பதிலை வெளியிட மட்டும் மறுத்தது. அதையும் வெளியிட வேண்டுமென நீதிமன்றம் கூறிவிட்டது.

2017ஆம் ஆண்டு விடுதலை நாளன்று திரிபுரா முதல்வராக இருந்த மாணிக் சர்க்காரின் உரையை, மாற்றியமைத்தாலன்றி ஒலிபரப்ப இயலாது என்று வானொலியும் தூர்தர்ஷனும் கூறின. அவர் மாற்ற மறுத்தார்; உரை ஒலிபரப்பாகவில்லை.

அடுத்த நிகழ்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் உரைகளின்போது, மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்து மறைந்த சீத்தாராம் யெச்சூரியின் உரையிலிருந்து சில சொற்றொடர்களை நீக்கச் செய்தனர். பார்வர்டு பிளாக் தலைவர் தேவராஜனின் உரையில் நீக்கச் சொன்ன சொல் எது தெரியுமா? ‘முஸ்லிம்கள்’ என்னும் சொல். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றி அவர் பேச வந்தார். அச்சட்டமோ ஆறு சமயத்தாரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. விடுபட்டவர் யாரென்று சொல்லாமல் அதனை விமர்சிப்பது எங்ஙனம்? விதிமுறைப்படியே நடந்தோம் என்றது ஒலிபரப்பு நிறுவனத் தரப்பு. ஒரு சமூகத்தைத் தாக்கலாகாது என்பதற்காக வந்த விதி, அச்சமூகத்தின் பெயரையே உச்சரிக்கலாகாது என்ற இடத்தில் வந்து நின்றது. உரையின் நீளம் அளந்து தரப்பட்டது. உள்ளடக்கம் அளந்து எடுக்கப்பட்டது.

அரசு ஊடகம் இப்படித்தான். தனியார் அலைவரிசைகள் பெருகினால் எல்லாப் பக்கமும் தாமே வெளிவந்துவிடும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. 1999இல் ஜெயா வந்தது. 2006இல் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் கேப்டன் எனக் கட்சிக்கொரு தொலைக்காட்சி நம் தமிழகத்தின் தனிச்சிறப்பாகவே ஆகிப்போனது. 2001 ஜூன் 30ஆம் நாள் விடியற்காலையில் கலைஞர் கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியை நினைவுகூரும் வாசகர்கள் பலர் இருப்பீர்கள். முதியவரைக் காவலர்கள் இழுத்துச் செல்லும் காட்சி ஓர் அலைவரிசையில் நாள் முழுதும் திரும்பத் திரும்ப வந்தது. காவலர்களே தள்ளப்பட்டார்கள் என்று காட்டும் படம் மற்றொன்றில் வந்தது. ஒரே வீடு, ஒரே இரவு. தமிழகம் கண்டவையோ இரண்டு.

இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்துகொள்ளலாமே என்பீர்கள். பார்ப்பவர் எத்தனை பேர்? பெரும்பாலான வீடுகளில் தொலை இயக்கி யார் கையில் இருக்கிறதோ அவருடைய கட்சிதான் அவ்வீட்டின் செய்தி.

எங்கள் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 21ஆம் நாள், திருக்கோவிலூர்ச் சட்டமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்த க. பொன்முடிக்குச் சொத்துக் குவிப்பு வழக்கில் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது சென்னை உயர் நீதிமன்றம். அவர் பதவியிழந்தார், தொகுதி காலி என்ற அறிவிப்பும் வந்தது. 2024 மார்ச் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பதவிப் பிரமாணம் செய்விக்க ஆளுநர் தயங்க, உச்ச நீதிமன்றம் கண்டிக்க, மார்ச் 22இல் அவர் மீண்டும் அமைச்சரானார். தண்டனையும் உண்மை, நிறுத்தி வைத்ததும் உண்மை. இவ்விரண்டுக்கும் எந்த அலைவரிசை எத்தனை நிமிடம் ஒதுக்கியது என்று எவரேனும் கணக்கெடுத்ததுண்டா? எடுத்திருந்தால் எங்களூர்த் தேநீர்க் கடைகளில் நடந்த வாக்குவாதங்களில் பாதிக்கு விளக்கம் கிடைத்திருக்கும். ஒருவருக்குத் தண்டனை மட்டும் தெரிந்திருந்தது. மற்றவருக்கு விடுதலையே ஆகிவிட்டதாக நினைப்பு.

அதே ஆண்டு ஜூன் மாதம் எங்கள் மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் கள்ளச் சாராயம் அருந்தி 60 பேருக்கு மேல் மாண்டனர். குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் உதவித்தொகை, விசாரணைக்கு ஒரு நபர் ஆணையம் என்றது அரசு. மத்தியப் புலனாய்வு வேண்டுமென்றன எதிர்க்கட்சிகள். நவம்பரில் உயர் நீதிமன்றமும் அவ்வாறே உத்தரவிட்டது. நிவாரணத்தை மட்டும் கண்டவரும் கண்டனத்தை மட்டும் கண்டவரும் ஒரே ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கிறார்கள்.

தனியார் தொலைக்காட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டு விதிகளில் ஒரு நிகழ்ச்சி நெறிமுறை உண்டு. அதிலும் ‘கூடாது’ என்னும் பட்டியலே நீளமாக இருக்கிறது; மறுதரப்புக்கும் இடம் தா என்னும் கட்டளையைக் காணோம். தனியார் பண்பலை வானொலிகளுக்கோ சொந்தமாகச் செய்தி சொல்லவே அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. காற்றலைகள் பொதுச் சொத்து, அவற்றைத் தன்னாட்சி கொண்ட ஓர் ஆணையம் நிர்வகிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9ஆம் நாள் கூறியது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அவ்வாணையம் அமையவில்லை.

இனி, மறுதரப்புக்கு இடம் தர வேண்டும் என்பதையே அரசு விதியாக்கிய ஒரு நாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1949ஆம் ஆண்டு, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உரிமம் வழங்கும் ஆணையம் ‘நியாயக் கோட்பாடு’ என்ற ஒன்றை வகுத்தது. உரிமம் பெற்ற ஒவ்வொரு நிலையமும் பொது முக்கியத்துவம் வாய்ந்த பிரச்சினைகளுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்கும்போது மாறுபட்ட கருத்துக்கும் நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் சமமாக இருக்க வேண்டுமென்பதில்லை. அலைவரிசைகள் சில, பேச விரும்புவோர் பலர், ஆகவே உரிமம் பெற்றவர் பொதுமக்களின் அறங்காவலரே அன்றி உடைமையாளர் அல்லர் என்பது அதன் அடிப்படை. 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது.

விதி இருந்தது. ஆனால் விதி மட்டும் என்ன செய்யும் என்பதை மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகரான ஜாக்சனில் காணலாம். அங்கு டபிள்யூ.எல்.பி.டி. என்றொரு தொலைக்காட்சி நிலையம். அதன் ஒளிபரப்புப் பகுதியில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். நிலையமோ வெள்ளையர் மேலாதிக்கத்தின் குரல். 1955இல், கறுப்பின மக்களின் வழக்கறிஞர் தர்கூட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சி ஒன்றில் தோன்றியபோது, இணைப்பில் கோளாறு என்ற அட்டையைத் திரையில் காட்டி அக்காட்சியை மறைத்துவிட்டது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர் அவர். நியாயக் கோட்பாடு அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது என்பதை மறவாதீர்கள்.

அதே ஊரில் மெட்கர் எவர்ஸ் என்பவர் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் களச் செயலாளர். நிலையத்தின் ஒருபக்கச் சார்பை எதிர்த்து ஆணையத்துக்கு விடாது புகார் எழுதிவந்தார். 1963 மே மாதம் நகர மேயர் தொலைக்காட்சியில் தோன்றிப் போராட்டங்களைச் சாடினார். பதிலுரைக்கு எவர்ஸ் நேரம் கேட்டார். மே 20ஆம் நாள் அவருக்குக் கிடைத்தவை 17 நிமிடங்கள். அந்நிலையத்தில் அஃது அரிய காட்சி! கறுப்பின மனிதர் ஒருவர் தம் மக்கள் வேண்டுவது இன்னது என்று நிதானமாகவும் மரியாதையாகவும் ஊர் முழுதும் பார்க்கச் சொன்னார். மக்கள் அவர் முகத்தை அறிந்தார்கள், பகைவரும் அறிந்தார்கள். 23 நாட்கள் கழித்து, ஜூன் 12ஆம் நாள் நள்ளிரவு தாண்டிய வேளையில், தம் வீட்டு வாயிலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அத்தோடு முடியவில்லை. அடுத்த ஆண்டு, 1964 மார்ச் மாதம், ஐக்கிய கிறிஸ்துத் திருச்சபையினர் ஒரு காரியம் செய்தார்கள். நம் வாசகர்கள் இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறேன். அவர்கள் ஊர்வலம் போகவில்லை. நிலையத்தின் முன் மறியல் செய்யவில்லை. தொண்டர்களை அமர்த்தி, ஒரு வாரம் முழுவதும் அந்நிலையம் ஒளிபரப்பியதைப் பார்க்கச் செய்து குறித்துக்கொண்டார்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த நிகழ்ச்சி, யார் பேசினார், கறுப்பின மக்கள் எத்தனை முறை தோன்றினார்கள், எவ்வாறு விளிக்கப்பட்டார்கள். அந்தக் குறிப்புகளோடு, இந்நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று ஆணையத்தை அணுகினார்கள்.

ஆணையம் என்ன கூறிற்று? பார்வையாளருக்கு வழக்காட உரிமையில்லை என்றது! அலைவரிசையால் பொருள் நட்டம் அடைந்தவரோ, மின் இடையூறுக்கு ஆளானவரோ வரலாம். வீட்டில் அமர்ந்து பார்ப்பவர் யார் கேட்பதற்கு என்பது அதன் வாதம். திருச்சபையினர் நீதிமன்றம் சென்றனர். 1966இல் நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பளித்தார். ஒலிபரப்பு யாருக்காக நடைபெறுகிறதோ அவர்களைவிடத் தகுதியான வழக்காளி வேறு யார் இருக்க முடியும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆணையம் விசாரித்தது; மீண்டும் நிலையத்துக்கே உரிமம் தந்தது. 1969இல் அதே பர்கர் அந்த உரிமத்தை ரத்து செய்தார். 1971இல் இரு இனத்தவரும் சேர்ந்த, ஆதாயம் கருதாத ஓர் அமைப்பு இடைக்காலமாக நிலையத்தை ஏற்று நடத்தியது.

இருபது ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் கிடந்த கோட்பாட்டுக்கு உயிர் கொடுத்தவை, ஒரு வாரத்துக் குறிப்பேடுகளும் பார்வையாளருக்குக் கிடைத்த வழக்காடும் உரிமையும்தாம்.

நியாயக் கோட்பாடு குறையற்றது என்று கூறுவதற்கில்லை. ஒருபக்கம் பேசினால் மறுபக்கத்துக்கும் நேரம் தர வேண்டுமே என்று அஞ்சி, சர்ச்சையான பொருளையே தொடாமல் விட்ட நிலையங்கள் உண்டு. தமக்குப் பிடிக்காத வானொலிப் பேச்சாளர்களை அலைக்கழிக்க ஆட்சியில் இருந்தோர் இதைக் கருவியாக்கிய நிகழ்ச்சிகளும் உண்டு. இக்காரணங்களைக் காட்டியே 1987இல் ஆணையம் கோட்பாட்டைக் கைவிட்டது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றம் முயன்றபோது அதிபர் ரீகன் தடுத்துவிட்டார். அதன் பின்னர் அந்நாட்டு வானொலியில் ஒருபக்கப் பேச்சே பெருந்தொழிலாக வளர்ந்தது தனிக்கதை.

அண்டை நாடான இலங்கையிலும் இதற்கொரு பாடம் உண்டு. ஒலிபரப்பை ஒழுங்குபடுத்த 1997இல் கொண்டுவந்த மசோதாவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று கூறிவிட்டது. அதிகார அமைப்பு அமைச்சரின் கைக்குள் இருந்தது ஒரு பெருங்காரணம். அதற்கு முந்தைய ஆண்டு அதே நீதிமன்றத்தில் ஒரு நேயர் வழக்குத் தொடுத்து வென்றிருந்தார். அவர் தவறாது பங்கேற்றுவந்த வானொலிக் கல்வி நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்திவிட்டனர். அதனால் அவருடைய கருத்துரிமை பாதிக்கப்பட்டது என்று நீதிமன்றம் ஏற்றது. தராசை அமைச்சரிடம் கொடுக்க மறுத்த நீதிமன்றம், நேயரின் சொல்லுக்கு மட்டும் செவி கொடுத்தது.

நடுநிலை என்ற பெயரில் நாம் அன்றாடம் காணும் ஒரு வேடத்தையும் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சி விவாதத்தில் ஆறு பேரை அமர்த்துவார்கள். தொப்பியும் தாடியுமாக ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் வாயைத் திறக்கும்போது மற்றவர்கள் எல்லாரும் ஒருசேரப் பேசுவார்கள். நெறியாளர் அவர்களுக்கும் மேலாகப் பேசுவார். மறுதரப்புக்கும் இடம் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டிவிடலாம். ஜாக்சன் நகரத்து மனிதருக்குக் கிடைத்த 17 நிமிடங்கள் இடைமறிப்பில்லாத நிமிடங்கள் என்பதை இங்கு நினைவூட்டுகிறேன். நாற்காலியை எண்ணுவது நடுநிலை ஆகாது.

2020ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டில்லி நிஜாமுதீன் நிகழ்ச்சியைச் சாக்கிட்டு, நோயைப் பரப்பியவர்கள் என்று ஒரு சமூகத்தையே தொலைக்காட்சிகள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தின. காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு விரட்டிய காலம் அது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21இல், வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளைப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்றது; ஊடகங்களின் பெரும் பிரசாரத்தையும் கண்டித்தது. மார்ச்சில் மணிக்கணக்காகக் குற்றம் சாட்டிய அலைவரிசைகள் ஆகஸ்டில் இத்தீர்ப்புக்கு எத்தனை நிமிடம் கொடுத்தன? நம் மஹல்லாக்களில் குறித்து வைத்தவர் யார்?

கர்நாடகத்தில் சிலர் குறித்து வைத்தார்கள். குடிமக்கள் குழு ஒன்று, நாள், நேரம், நிகழ்ச்சியின் பெயர், பேசிய சொற்கள் ஆகியவற்றோடு செய்தி ஒளிபரப்புத் தர ஆணையத்துக்குப் புகார் அனுப்பியது. இவ்வாணையம் அரசுடையதன்று, செய்தி நிறுவனங்கள் தாமாக அமைத்துக்கொண்டது. 2021 ஜூன் மாதம் கன்னட அலைவரிசைகள் இரண்டுக்கு முறையே ஒரு இலட்சமும் 50,000 ரூபாயும் அபராதம் விதித்தது. ஆங்கில அலைவரிசை ஒன்றைக் கண்டித்தது. தொகை சிறிதுதான். ஒரு இலட்ச ரூபாய் அபராதம் எதைத் தடுக்கும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே வினவிற்று. உறுப்பினரல்லாத அலைவரிசையை அவ்வாணையம் கட்டுப்படுத்தவும் முடியாது. இருந்தபோதிலும், அந்நிகழ்ச்சிகள் தவறு என்று அத்தொழிலைச் சார்ந்தவர்களே எழுதித் தந்த ஆவணம் இன்று கையில் இருக்கிறது. அதைப் பெற்றுத் தந்தது கூச்சலன்று, குறிப்பேடு.

வழியும் முன்பைவிட எளிது. 2021 ஜூன் மாதம் மத்திய அரசு கேபிள் தொலைக்காட்சி விதிகளைத் திருத்தி மூன்றடுக்குக் குறைதீர் முறையைக் கொண்டுவந்தது. முதலில் அலைவரிசைக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புதலும், 15 நாட்களுக்குள் முடிவும் தர அது கடமைப்பட்டிருக்கிறது. முடிவு நிறைவளிக்காவிடில் அடுத்த 15 நாட்களுக்குள், அலைவரிசை சார்ந்துள்ள சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. அதற்கு 60 நாள் கெடு. மூன்றாம் அடுக்கு மத்திய அரசு. கடைசிப் படியில் மீண்டும் ஆட்சியாளரே அமர்ந்திருப்பது எனக்கு உவப்பானதன்று. இலங்கை நீதிமன்றம் மறுத்ததும் ஏறக்குறைய இதைத்தான். முதலிரண்டு படிகளையேனும் பயன்படுத்தலாமே.

எழுதத் தலைப்படும் சகோதர சகோதரிகளுக்குச் சில சொற்கள். வீட்டில் தொலைக்காட்சி முன் அதிக நேரம் இருப்பவர்கள் தாய்மார்களும் கல்லூரிப் பிள்ளைகளும்தான். இப்பணி அவர்களுக்கே நன்கு வாய்க்கும். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். அலைவரிசையின் பெயர், தேதி, தொடங்கிய மணி, நெறியாளர் பெயர், பேசிய சொற்கள் அப்படியே, எதிர்த்தரப்பு பேசிய நிமிடங்கள். ‘எங்கள் மனம் புண்பட்டது’ என்று மட்டும் எழுதினால் பதில் வருவது அரிது. ‘இன்ன தேதி, இன்ன மணிக்கு, 40 நிமிட விவாதத்தில் மறுதரப்பு பேசியது மூன்று நிமிடம், அதிலும் இத்தனை இடைமறிப்பு’ என்று எழுதிப் பாருங்கள். நமக்கு வேண்டிய கட்சியின் தொலைக்காட்சி மற்றவர்களை இவ்வாறு நடத்தினால் அதையும் அதே நோட்டில் எழுதுங்கள். இல்லாவிடில் அந்த நோட்டும் இன்னொரு கட்சித் தொலைக்காட்சியாகிவிடும். குறைதீர் அலுவலரின் பெயரும் முகவரியும் ஒவ்வோர் அலைவரிசையின் இணையதளத்திலும் இருந்தாக வேண்டும் என்பது விதி. செய்தி ஒளிபரப்புத் தர ஆணையத்தின் உறுப்பினராக உள்ள அலைவரிசை எனில், முதல் ஒளிபரப்பு நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் புகார் அலைவரிசையைச் சென்றடைய வேண்டும். எட்டாம் நாள் அனுப்பினால் காலங்கடந்தது என்று திருப்பிவிடுவார்கள்.